நின்ற ரயிலுக்கும் கணக்கு வேண்டும்

ரயில் கவிழ்ந்தால் செய்தி. பத்துப் பேர் செத்தால் தலைப்புச் செய்தி. மந்திரி பறந்து வருவார், விசாரணைக் கமிஷன் போடுவார்கள், நஷ்டஈடு அறிவிப்பார்கள். ஆனால் ஒரு மலைச் சரிவில் கட்டுக்கு அடங்காமல் வேகம் எடுத்த ரயில், டிரைவர் அவசர பிரேக் போட்டதும் எப்படியோ நின்றுவிட்டது என்று வையுங்கள். அதற்குச் செய்தி கிடையாது. "வண்டி நின்னாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நண்பர்களே! இந்தக் கட்டுரை அப்படி நின்ற ரயில்களைப் பற்றியது. செங்குத்தான பாதையில் ஒரு ரயில் அவசர பிரேக்கால் நிறுத்தப்பட்டால், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், அந்தச் சம்பவம் கட்டாயமாக அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இதுதான் என் கருத்து. இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இது மூன்று தொழிலாளிகளின் உயிர் சம்பந்தப்பட்ட கதை.

மலையின் பெயர் ஃபீல்ட் ஹில்

கனடா நாட்டின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில் ஃபீல்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே கனடியன் பசிபிக் கம்பெனி 1884-இல் போட்ட முதல் பாதை நூற்றுக்கு 4.5 என்ற பயங்கரச் சரிவு. அதில் இறங்கிய முதல் ரயிலே கட்டுப்பாடு இழந்து ஓடி மூன்று பேரைப் பலி வாங்கியது. பிறகு மலைக்குள் சுருள் சுருளாகச் சுரங்கம் குடைந்து, 1909-இல் சரிவை 2.2-ஆகக் குறைத்தார்கள். அதாவது 45 அடி போனால் ஓர் அடி இறக்கம். சாலையில் நடக்கிற நமக்கு இது மேடாகவே தோன்றாது. ஆனால் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது, பின்னால் ஆயிரக்கணக்கான டன் உந்தும்போது, இது சாதாரணச் சரிவு அல்ல.

2019 பிப்ரவரி 3 இரவு, 112 வேகன்களில் தானியம் ஏற்றிய ஒரு ரயில் அந்த மலையில் இறங்கியது. குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. அந்த ரயிலுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 15 மைல்தான். வேகம் அதைத் தாண்டிப் போகவே, டிரைவர் அவசர பிரேக் போட்டார். ரயில் நின்றது.

நின்றதா? நின்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வேகன்களில் கைப்பிரேக் கட்டவில்லை. 84 வேகன்களில் ரிடெய்னர் வால்வை மட்டும் திருப்பி வைத்தார்கள். பழைய குழுவின் வேலை நேரம் முடிந்துவிட்டதால் புதிய குழு வந்து ஏறியது. டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர் (அந்த நாட்டில் சரக்கு ரயிலிலும் கண்டக்டர் உண்டு, நம் ஊர் கார்டு மாதிரி), பயிற்சியில் இருந்த கண்டக்டர் ஒருவர். ரயில் நின்று சுமார் மூன்று மணி நேரம் ஆன நிலையில், நள்ளிரவு தாண்டி, யாரும் தொடாமலே அது தானாக நகர ஆரம்பித்தது. மணிக்கு 53 மைல் வேகம் பிடித்து, கிக்கிங் ஹார்ஸ் ஆற்றுப் பாலத்தின் அருகே 99 வேகன்களும் இரண்டு எஞ்சின்களும் தடம் புரண்டன. மூன்று பேரும் இறந்தார்கள். அந்த மூன்றாவது ஆள், பயிற்சியில் இருந்தவர், நம்மைப் போல வேலை கற்றுக்கொள்ள வந்தவர்!

காற்று என்ன செய்யும்?

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இது தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் பிரேக் என்பது 1872-இல் வெஸ்டிங்ஹவுஸ் செய்து காட்டிய தானியங்கிக் காற்று பிரேக்கின் வம்சம். எஞ்சினிலிருந்து கடைசி வேகன் வரை ஒரே குழாய். அதில் காற்றழுத்தம் நிறைந்திருந்தால் பிரேக் விட்டிருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் ஒவ்வொரு வேகனிலும் உள்ள தொட்டியிலிருந்து காற்று சிலிண்டருக்குப் போய் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும். அருமையான யோசனை!

அவசர பிரேக் என்றால் குழாயில் உள்ள காற்றை ஒரே வீச்சில் வெளியேற்றிவிடுவது. வேகனில் சேமித்த காற்றெல்லாம் சிலிண்டருக்குப் போய்விடும். கையில் இருந்த கடைசிக் காசையும் செலவு செய்த மாதிரி. அதற்குமேல் டிரைவரிடம் காற்றில் எந்தச் சக்தியும் பாக்கி இல்லை. மறுபடி காற்று ஏற்ற வேண்டுமென்றால், ஏற்றும் நேரத்தில் பிரேக் விட்டுவிடும். சரிவில் நிற்கிற வண்டிக்கு இது கத்தி மேல் நடக்கிற காரியம்.

இதற்கிடையில் சிலிண்டரில் போன காற்று அப்படியே இருக்குமா? இருக்காது. கடுங்குளிரில் ரப்பர் பாக்கிங் இறுகிப்போகும், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பத்து நிமிஷத்தில் தெரியாது, மூன்று மணி நேரத்தில் தெரியும். கைப்பிரேக் அப்படியில்லை. அது சங்கிலியும் பல்சக்கரமும். கசிய அதில் காற்றே இல்லை.

ஆணை வந்தது, எப்போது?

விபத்து நடந்த நான்காம் நாள், பிப்ரவரி 8, அன்றைய போக்குவரத்து மந்திரி மார்க் கார்னோ ஓர் ஆணை போட்டார். (விண்வெளிக்குப் போன முதல் கனடா நாட்டவர் இவர்தான்.) மலைச் சரிவில் அவசர பிரேக்கால் ரயில் நின்றால், உடனடியாகக் கைப்பிரேக் கட்டியே ஆக வேண்டும் என்பது ஆணை. நல்ல ஆணை, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நான்கு நாளில் போட முடிந்த ஆணையை நான்கு வருஷம் முன்பு போட்டிருக்க முடியாதா?

முடிந்திருக்கும். ஏனென்றால் தகவல் இருந்தது. இந்த விஷயம்தான் என் மனதை உறுத்துகிறது. கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2022 மார்ச் மாதம் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. அதில் உள்ள ஒரு கண்டுபிடிப்பு: ஜனவரி, பிப்ரவரி குளிர் மாதங்களில் அந்த மலையில் இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ரயில் குழுவினர் பல வருஷங்களாகவே அபாய அறிவிப்புகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றின்மீது முறையான ஆபத்து மதிப்பீடு செய்யாமலே கோப்புகள் முடிக்கப்பட்டு வந்திருக்கின்றன.

எண்ணிப் பாருங்கள்! குளிரில் கை விறைக்க வேலை செய்துவிட்டு வந்தவன், உட்கார்ந்து ஒரு தாளில் "இந்த மலையில் பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுக்கிறான். அது ஓர் அலமாரிக்குப் போகிறது. அடுத்த வருஷம் இன்னொருவன் அதையே எழுதுகிறான். அதுவும் அலமாரிக்குப் போகிறது. எழுதினவனுக்குப் பதில் கிடையாது. கேட்டால் "பாத்துக்கறோம்" என்பார்கள். எந்த ஊர் கம்பெனியாக இருந்தாலும் இந்த "பாத்துக்கறோம்" ஒன்றுதான் போலிருக்கிறது!

சட்டத்தில் உள்ள ஓட்டை

அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் சட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் எதைக் கேட்கிறது? சாவு, காயம், சேதம், தடம் புரளல். அமெரிக்காவில் ரயில் சாதனங்களுக்கு ஏற்பட்ட சேதம் குறிப்பிட்ட டாலர் தொகையைத் தாண்டினால், அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் மத்திய ரயில் நிர்வாகத்துக்கு அறிக்கை போக வேண்டும். கனடாவில் 2014-இல் வந்த விதிகளின்படி, ரயில் தானாகக் கட்டுப்பாடின்றி நகர்ந்தாலே பாதுகாப்பு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். இது ஒரு படி மேல். ஆனால் நகராமல் நின்றுவிட்டால்? இரண்டு நாட்டிலும் விபத்து அறிக்கையின் சல்லடையில் அது விழாது. சேதம் பூஜ்யம், ஆகவே சம்பவமும் பூஜ்யம்!

இது ஃபீல்டில் மட்டும் நடந்த கதை அல்ல. கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் என்று ஒரு சரிவு. 1989 மே 12 அன்று, கணக்கில் 6,000 டன் சொச்சம் என்று காட்டப்பட்டு உண்மையில் 9,000 டன்னை நெருங்கிய சரக்கு ரயில் ஒன்று, அங்கிருந்து ஓடிவந்து சான் பெர்னார்டினோ நகர வீடுகளின் மேல் விழுந்தது. இரண்டு ஊழியர்கள், இரண்டு குழந்தைகள், ஆக நான்கு உயிர். பதின்மூன்று நாள் கழித்து, அதே இடத்தில் தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்திருந்த பெட்ரோல் குழாய் வெடித்து இன்னும் இரண்டு உயிர். அதே கணவாயில் 1994 டிசம்பரில் ஒரு ரயில் பிரேக் போதாமல் ஓடி முன்னால் இருந்த ரயிலில் மோதியது. நல்ல வேளையாக உயிர் போகவில்லை. 1996 பிப்ரவரி 1 அன்று மறுபடியும் ஒரு ரயில். குழாய் நடுவில் அடைத்துக்கொண்டதால் அவசர பிரேக் முன் வேகன்களோடு நின்றுவிட்டது, பின்னால் போகவில்லை. இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான், ரயிலின் வால் பக்கத்திலிருந்தும் எஞ்சினிலிருந்தே அவசர பிரேக் போட உதவும் இருவழிக் கருவியைக் கட்டாயமாக்கும் விதி 1997-இல் வந்தது.

உயிர் போகாத சம்பவம் பாடம் சொல்லிவிட்டுப் போகிறது. யாரும் காது கொடுக்கவில்லை என்றால், அது அடுத்த தடவை உயிரோடு வந்து கேட்கிறது.

நம் பக்கம் எப்படி?

மும்பை-புனே இடையே போர் காட் மலைப்பாதையின் சரிவு 37-க்கு 1. ஃபீல்ட் ஹில்லைவிடச் செங்குத்து. சென்னையிலிருந்து மும்பை போகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. அங்கே மங்கி ஹில், தாகுர்வாடி, நாகநாத் ஆகிய இடங்களில் இறங்குகிற வண்டியை நிறுத்திப் பிரேக் சரிபார்த்து அனுப்பும் வழக்கம் உண்டு. கட்டுக்கு அடங்காத வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பிவிட கேட்ச் சைடிங் உண்டு. நம் நீலகிரி மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. முன்னோர்கள் மலையை மதித்திருக்கிறார்கள்.

இருந்தும் 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவா நிலையத்தில் ஜல்லிக்கல் ஏற்றி நின்ற 53 வேகன் ரயில், ஆளில்லாமல் தானே புறப்பட்டு சுமார் 70 கிலோமீட்டர் ஓடியது. பஞ்சாபில் ஊஞ்சி பஸ்ஸி அருகே கட்டைகள் வைத்து நிறுத்தினார்கள். எதிரே பயணிகள் ரயில் ஒன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கைப்பிரேக் சரியாகக் கட்டாத அதே கதை. நாடு வேறு, குளிர் வேறு, காற்று ஒன்றுதான்.

நம் நாட்டு முறையில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. சிவப்பு சிக்னலைத் தாண்டிய ரயில், எதிலும் மோதாவிட்டாலும், அதை "அறிகுறி விபத்து" என்று தனி வகையில் வைத்து விசாரிக்கிறார்கள். நடந்தது ஒன்றுமில்லை, ஆனால் நடந்திருக்கக் கூடியது ரொம்ப. இந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்ட பிறகு, மலைச் சரிவில் போட்ட அவசர பிரேக்கையும் அதே வகையில் வைப்பதற்கு எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் என்ன தயக்கம்?

எதிர்வாதங்கள்

முதல் வாதம்: "ரப்பர் ஹோஸ் ஒன்று கழன்றாலும் அவசர பிரேக் பிடிக்கும். அதற்கெல்லாம் ரிப்போர்ட் எழுதினால் ஆபீசில் தாள் மலை போல் குவியும்." நான் சமவெளியைப் பற்றிப் பேசவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சரிவுள்ள மலைப்பாதைகளை மட்டும் சொல்கிறேன். அவை ஒரு நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அதோடு இன்றைய எஞ்சினில் வேகம், காற்றழுத்தம், பிரேக் எல்லாவற்றையும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. பாதி ரிப்போர்ட்டை அதுவே எழுதிவிடும். ஹோஸ் ஏன் கழன்றது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே?

இரண்டாம் வாதம்: "கைப்பிரேக் கட்டச் சொல்லி ஆணை வந்தாச்சு, அது போதாதா?" போதாது. அந்த ஆணை வண்டி நின்ற பிறகு என்ன செய்வது என்று சொல்கிறது. ஏன் அவசர பிரேக் போடும் நிலை வந்தது என்று கேட்கவில்லை. பனியில் நடந்து போய் வேகன் வேகனாகக் கைப்பிரேக் திருகுகிறவன் தொழிலாளி. பழுதான சிலிண்டரைப் பராமரிக்க வேண்டியது கம்பெனி. வாரியமே 2022-இல், குளிர் மலைப்பாதைகளில் ஓடும் வேகன்களின் பிரேக் சிலிண்டர்களுக்குக் கடுமையான சோதனையும் காலக்கெடு வைத்த பராமரிப்பும் வேண்டும், தானியங்கி நிறுத்து பிரேக் பொருத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த வகை வேகன், எந்தக் குளிரில், எந்தச் சுமையில் தடுமாறுகிறது என்ற கணக்கு இல்லாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

மூன்றாம் வாதம்தான் கனமானது. "ரிப்போர்ட், விசாரணை என்று வந்தால் டிரைவர் பயந்துபோய் அவசர பிரேக் போடவே தயங்குவான்." இதைத் தள்ளிவிட முடியாது. தயங்குகிற ஒவ்வொரு நொடியும் சரிவில் வேகமாக மாறும். ஆகவே ரிப்போர்ட் என்பது டிரைவர் மேல் போடும் கேஸாக இருக்கவே கூடாது. அமெரிக்காவில் விமானத் துறையில் 1976 முதல் ஒரு முறை இருக்கிறது. விமானி தனக்கு நேர்ந்த ஆபத்தை, தன்னைத் தண்டிக்கும் அதிகாரமுள்ள துறைக்கு எழுதாமல், நாசாவுக்கு எழுதுகிறார். நாசா பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் தருகிறது. ரயில்வேக்கும் இதே போல நாசா வழியாக ஒரு ரகசிய முறை அங்கே இருக்கிறது, ஆனால் சேருவது கம்பெனியின் விருப்பம். நான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். எங்கே, எப்போது, எவ்வளவு சுமை, எவ்வளவு குளிர், எத்தனை கைப்பிரேக் என்ற விவரங்களைக் கம்பெனி கட்டாயம் அரசாங்கத்துக்குத் தர வேண்டும். குழுவினர் தங்கள் தரப்பைப் பெயர் வெளியே வராமல் எழுத வழி வேண்டும். அவசர பிரேக் போட்டதற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

என்ன வேண்டும்?

ஒன்று, மலைச் சரிவில் அவசர பிரேக் பிடித்தால், டிரைவர் போட்டதோ தானாகப் பிடித்ததோ, 24 மணி நேரத்துக்குள் தகவல். இரண்டு, ஒரே பக்கப் படிவம், நீட்டி முழக்காமல். மூன்று, ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண். என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று எழுதினவனுக்கும் தொழிற்சங்கத்துக்கும் பதில் தராமல் கோப்பை மூடக் கூடாது. நான்கு, ஒரே மலையில் ஒரே பருவத்தில் தகவல்கள் திரும்பத் திரும்ப வந்தால், அரசாங்க இன்ஸ்பெக்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், வேகத்தையோ சுமையையோ குறைக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டும். ஐந்து, வருஷா வருஷம் இந்தக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

இந்த ஐந்தில் மூன்றாவதுதான் உயிர்நாடி. ஃபீல்டில் எழுதினவர்களுக்குக் குறை இருக்கவில்லை, படித்துப் பதில் சொல்லும் கட்டாயம்தான் இல்லை. கம்பெனிக்கு மட்டும் தெரிந்த தகவலை கம்பெனி மூடி வைக்கலாம். அரசாங்கத்துக்கும் தெரிந்துவிட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று நாளை இரண்டு பேரும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் ரயில்வேக்காரர்கள் படிக்கட்டும், நமக்கு எதற்கு என்று கேட்கலாம். டிப்ளமோ வாங்கிக்கொண்டு நம்மில் பலர் அப்ரண்டிஸாக ஆலைக்கும் பணிமனைக்கும் போகப் போகிறோம். கிரேன் சங்கிலி வழுக்கி நிற்கும், பாய்லர் வால்வு சீறி அடங்கும், பிரஸ் மெஷின் கைக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்கும். "தப்பிச்சே போ, சூப்பர்வைசர் காதுக்குப் போகாம பாத்துக்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்வார். அந்த நேரத்தில் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். பதிவேடு இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். எழுதினதற்குப் பதில் வரவில்லையென்றால் சங்கத்தில் சொல்லி மறுபடி கேளுங்கள். நமக்குப் பின் அதே மெஷினில் நிற்கப் போகிற பயிற்சியாளன் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.